முதல் ஐந்து நிமிடம் தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும்

வகுப்பில் சத்தம் கிளம்புவது பெரும்பாலும் ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் பாதிச் சத்தம் எழாது.

வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி நெரிசலில் பஸ் சிக்கினால் பிள்ளைகள் பிந்தித்தான் வருவார்கள். அதனால் மணி அடிக்கும் முன்பே கரும்பலகையின் இடது மூலையில் 3 கணக்கு எழுதிவிடுங்கள். நேற்று நடத்தியதிலிருந்து மட்டும். புதுசு கொடுத்தால் சந்தேகம் கேட்டு ஆளாளுக்கு எழுந்து வருவார்கள். பையை பெஞ்சுக்கு அடியில் வை, நோட்டை எடு, தேதி போடு, கணக்கைத் தொடங்கு. இந்த வரிசை மாறவே கூடாது. பிந்தி வரும் பிள்ளையும் பலகையைப் பார்த்து உட்கார்ந்துவிடும். அதை வாசலில் நிறுத்தி விசாரிக்காதீர்கள், பாவம். இடைவேளையில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

நோட்டு வாங்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கைமாறி வரட்டும். யாரும் எழ வேண்டியதில்லை.

வாயால் சொன்னால் மட்டும் பழக்கம் வராது. முதல் இரண்டு வாரம் தினமும் செய்துகாட்டி, செய்ய வையுங்கள். தப்பினால் திட்டாமல் இன்னொரு தடவை. மூன்றாம் நாளே ஆசிரியர் விட்டுவிடுவதால்தான் பல வகுப்புகளில் இந்தப் பழக்கம் நிலைப்பதில்லை. மழை விடுமுறை, காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் மறுபடி பழக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை மாதிரி ஏதாவது குறுக்கே வந்தால், அன்றைய மாற்றத்தைக் காலையிலேயே பலகையில் எழுதிப் படித்துக் காட்டிவிடுங்கள்.