சாட்சியத்தைப் பதிவு செய்வது எப்படி? புதிய நீதிபதிகளுக்குச் சில சொற்கள்

தமிழ்நாட்டில் முன்சீப்பாகச் சேர்ந்து மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்றவன் நான். இளைய நீதிபதிகள் என்னிடம் தீர்ப்பு எழுதுவது பற்றித்தான் கேட்கிறார்கள். தீர்ப்பு கிடக்கட்டும், முதலில் சாட்சியத்தை ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள். மேல்முறையீட்டில் உங்கள் சாட்சியின் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. வழக்குக் கட்டுக்குள் இருக்கும் காகிதம்தான் பேசும்.

சாட்சி கையை நீட்டி, "இவ்வளவு தூரத்தில் நின்றேன்" என்பார். அதை அப்படியே தட்டச்சு செய்து என்ன பயன்? "கூண்டிலிருந்து வாயிற்படி வரை உள்ள தூரத்தைக் காட்டுகிறார், சுமார் 20 அடி" என்று எழுதச் சொல்லுங்கள். "இவர்தான் வெட்டினார்" என்று கைகாட்டினால், எத்தனையாவது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், என்பதும் பதிவாக வேண்டும். வெறும் தலையாட்டலை ஏற்காதீர்கள். வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள்.

"விளக்கு வைக்கும் நேரம்" என்று ஒரு பெண் சொன்னால், அதை "மாலை 6.30 மணி" ஆக்கிவிடத் தட்டச்சருக்குக் கை துறுதுறுக்கும். விடக் கூடாது. கடிகாரத்தையே பார்க்காத அந்தப் பெண்ணின் 6.30 மணியை வைத்து, முதல் தகவல் அறிக்கையோடு முரண்பாடு என்று பிறகு வாதாடுவார்கள். "தெரியாது" வேறு, "ஞாபகமில்லை" வேறு என்பதையும் தட்டச்சருக்குச் சொல்லி வையுங்கள்.

பெரிய தொல்லை குறுக்கு விசாரணையில்தான். "நான் அங்கே இல்லை என்று சொன்னால் சரியல்ல" என்று, வழக்கறிஞரின் கேள்வியையும் சாட்சியின் மறுப்பையும் ஒரே வாக்கியமாக்கி எழுதும் வாய்பாடு நம் நீதிமன்றங்களில் ஊறிப்போனது. வெறும் மறுப்புக்கு அது போதும். சாட்சி கூடுதலாக ஏதாவது சொல்லியிருந்தால் அதை விழுங்கிவிடும். வழக்கின் உயிர்நிலையான இடங்களில் கேள்வியையும் பதிலையும் தனித்தனியாகப் பதியுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. நேரமாகிறதே என்று வழக்கறிஞர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சாட்சியின் நடத்தை பற்றிக் குறிப்பெழுத 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 280ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் அது 315. "பொய் சொல்கிறார்" என்று எழுதாதீர்கள். "பதில் சொல்லாமல் மூன்றாம் எதிரியையே பார்த்துக்கொண்டு நின்றார்" என்று, கண்டதை அப்போதே எழுதுங்கள்.

முடிவில் படித்துக் காட்டுவதைச் சடங்காக்க வேண்டாம். "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று சாட்சி சொன்னால் திருத்தலாம்; திருத்த உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் அவருடைய ஆட்சேபத்தைக் குறித்து வையுங்கள். கையொப்பம் அதற்குப் பிறகுதான்.