பேரியாட்ரிக் சர்ஜரிக்குப் பிறகு சத்து மாத்திரைகளை எப்படிப் பிரித்துச் சாப்பிடுவது?

உடல் எடையைக் குறைக்கச் செய்யும் இந்த அறுவையில் ஸ்லீவ் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) அல்லது பைபாஸ் (வயிற்றைச் சிறிதாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது) முடித்தவர்களுக்கு மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. எது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். அவர் எழுதிக்கொடுத்தது உடம்பில் ஒட்டுவதற்கான வழியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

படி 1: ரத்தப் பரிசோதனை

பொதுவாக முதல் வருடத்தில் 3, 6, 12ஆம் மாதங்களில், அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை. ஹீமோகுளோபினோடு நிறுத்தாதீர்கள். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பி.டி.எச். (ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) எல்லாம் வேண்டும். கால்சியம் நார்மல் என்று வந்தாலும் பி.டி.எச். பாருங்கள். சாப்பாட்டில் குறைவதை உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் ஈடுகட்டிவிடும், பி.டி.எச். ஏறியிருந்தால்தான் விஷயம் தெரியும்.

முடிந்தவரை ஒரே லேபில் எடுத்து, எண்களைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். செயலிகளைவிட எனக்கு நோட்டுதான் பிடிக்கும். பி12 மெல்ல மெல்லத்தான் இறங்கும், வரிசையாகப் பார்த்தால் அது சட்டென்று கண்ணில் படும்.

படி 2: கால்சியம் அட்டையைப் படிப்பது

கால்சியம் மாத்திரையில் கார்பனேட், சிட்ரேட் என்று வகைகள் உண்டு. கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அறுவைக்குப் பிறகு அது குறைவு. அதனால் நான் சிட்ரேட் பக்கம். அட்டையில் 1000 மி.கி. கால்சியம் சிட்ரேட் என்று இருந்தால் அதில் உண்மையான கால்சியம் ஏறக்குறைய 210 மி.கி.தான். 'எலிமென்டல் கால்சியம்' என்ற வரியைத் தேடுங்கள். ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் 1200 முதல் 1500 மி.கி. அந்தக் கணக்குதான், உணவில் வருவதையும் சேர்த்து. ஒரு வேளைக்கு 500, 600 மி.கி.க்கு மேல் போட்டால் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளாது.

படி 3: நேரம்

எனக்கு நாள் பிடித்தது இங்கேதான். இரும்பு மாத்திரை தவறாமல் போட்டும் ஃபெரிட்டின் நகரவே இல்லை. கால்சியமும் காபியும் இரும்பை உள்ளே விடாமல் தடுப்பதுதான் காரணம். இரண்டையும் தள்ளி வைத்த பிறகே எண் ஏறத் தொடங்கியது.

காலை எழுந்ததும் இரும்பு, வெறும் தண்ணீரில். வயிறு எரிந்தால் கொஞ்சம் உணவோடு, ஆனால் பாலோடு வேண்டாம். காபி, டீ ஒரு மணி நேரமாவது கழித்து. இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே குறைந்தது 2 மணி நேரம். கால்சியத்தை மதியம், மாலை, இரவு என்று பிரித்துக்கொள்ளலாம். மல்ட்டிவைட்டமினில் இரும்பு இருந்தால் அதையும் கால்சியத்திலிருந்து தள்ளியே போடுங்கள். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது, சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: பி12

தினசரி மாத்திரையும் உண்டு, மாதம் ஒரு முறை 1000 மைக்ரோகிராம் ஊசியும் உண்டு. மறதிக்காரர்களுக்கு ஊசியே மேல். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அதுவும் பி12ஐக் குறைக்கும்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் (பி7 வைட்டமின்) போடுபவர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். அது சில ரத்தப் பரிசோதனை முடிவுகளை மாற்றிக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வாந்தி நிற்கவில்லை என்று எழுதியவருக்கு: அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். உடம்பில் தயமின், அதாவது பி1, சில வாரங்களுக்குத்தான் இருப்பு இருக்கும். நடை தள்ளாடினாலோ பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ குழப்பம் வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்கு நடந்த அறுவையைச் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போடச் சொல்லிக் கேளுங்கள்.