சின்ன ஐ.எஸ்.டி.யை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

டெக்சாஸில் ஏப்ரல் பிறந்தால் வீட்டு மதிப்பீட்டுக் கடிதம் வரும். மதிப்பு ஏறியிருக்கும். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆரம்பிப்பார்: "இவ்வளவு வரி கட்டுகிறோம், ஸ்கூலில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல இன்னொரு கவுன்சிலரைப் போட முடியவில்லையாம்!" அடுத்தவர், போன வருஷம் மாநிலம் தரும் தரத்தில் 'ஏ' வாங்கிய பள்ளி இப்போது 'சி' வாங்கிய செய்தியைப் போடுவார். மூன்றாமவர் மேயருக்கு மனு எழுதலாம் என்பார். பல வருஷமாக இதே பேச்சைக் கேட்கிறேன். ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் பேசினேன்.

ஹூஸ்டன், டாலஸ் போன்ற பெரிய மாவட்டங்களை விட்டுவிடுவோம். டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் உண்டு. ஐ.எஸ்.டி. என்பது இவற்றைத்தான், 'இன்டிபென்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்'. பெரும்பாலானவை சின்னவை, சிலவற்றில் மொத்தப் பிள்ளைகளே சில நூறு பேர்தான். பெரிய ஊருக்குப் பொருந்தும் கணக்கை அங்கே போட்டால் தப்பாகத்தான் வரும்.

'மாவட்டம்' என்ற சொல்லில் தொடங்கும் குழப்பம்

மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் ஞாபகம் வரும், முதன்மைக் கல்வி அலுவலர் ஞாபகம் வருவார். ஐ.எஸ்.டி. அந்த வகையைச் சேர்ந்ததல்ல. பெயரிலேயே 'இன்டிபென்டன்ட்' இருக்கிறது. தனக்கென்று எல்லை, தனக்கென்று வரி, தனக்கென்று தேர்தல் உள்ள தனி அரசாங்கம் அது. நகரசபைக்கும் கவுண்டிக்கும் அதில் கை கிடையாது. அதனால் மேயருக்கு எழுதும் மனு குப்பைக்குத்தான் போகும்.

எல்லையும் ஊரின் எல்லையோடு ஒத்துப்போகாது. பிளேனோ நகரத்தின் ஒரு பகுதி ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் வருகிறது. ஃபிரிஸ்கோ நகரத்தின் சில பகுதிகளோ வேறு மாவட்டங்களில் இருக்கின்றன. ஊர்ப் பெயரை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆகஸ்டில் பள்ளியில் சேர்க்கப் போனபோது திகைத்தவர்களை எனக்குத் தெரியும். முகவரியை மாவட்டத்தின் தளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகாது.

நிர்வாகம் அறங்காவலர் குழுவிடம் இருக்கிறது. வழக்கமாக ஏழு பேர், சம்பளம் கிடையாது. சின்ன ஊர்களில் போட்டியே இல்லாமல் போவது சகஜம். அப்படியானால் தேர்தலையே ரத்து செய்ய சட்டம் இடம் தருகிறது. மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட்டைக் குழு நியமிக்கும், பட்ஜெட்டையும் வரி விகிதத்தையும் தீர்மானிக்கும். அன்றாட வேலை சூப்பரின்டென்டென்ட் கையில். ஏழு பேரில் ஒருவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், ஆனால் தனியாக அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்து ஓட்டுப் போடும்போது மட்டும்தான் அவர் அறங்காவலர். "அவரிடம் சொல்லி அந்த டீச்சரை மாற்றிவிடலாம்" என்பது நடக்காது. நடந்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

முதல் கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "மூணு நிமிஷம் பேசினேன். எல்லோரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்." அது திமிர் அல்ல. நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை அங்கேயே விவாதிக்கத் திறந்த கூட்டச் சட்டம் விடாது. உண்மைத் தகவல் ஒன்றைச் சொல்லலாம், நடப்பு விதியை எடுத்துக்காட்டலாம், அடுத்த கூட்ட நிரலில் சேர்க்கலாம். அவ்வளவுதான். உங்கள் குறை ஒரு பிள்ளையைப் பற்றியது என்றால் மைக்கைப் பிடிப்பதைவிட எழுத்தில் புகார் கொடுங்கள். முதலில் பிரின்சிபால், அப்புறம் சூப்பரின்டென்டென்ட், கடைசியாகத்தான் குழு. ஒவ்வொரு படிக்கும் கெடு உண்டு, அதைத் தவறவிட்டால் புகாரும் போச்சு.

"வீட்டு மதிப்பு ஏறினால் பள்ளிக்குப் பணம் ஏறும்"

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். படித்தவர்களும் செய்கிறார்கள், ஏனென்றால் கேட்க அவ்வளவு நியாயமாக இருக்கிறது.

டெக்சாஸில் கணக்கு பின்னாலிருந்து ஓடுகிறது. இந்த மாவட்டத்துக்கு இவ்வளவு சேர வேண்டும் என்று ஒரு சூத்திரம் முதலில் சொல்லிவிடும். பிள்ளைகளின் எண்ணிக்கை, அதில் சிறப்புக் கல்வி, இருமொழிக் கல்வி, ஏழைக் குடும்பங்கள் ஆகியவற்றுக்கான கூடுதல் எடை, சின்ன மாவட்டம் என்றால் அதற்கும் ஒரு சலுகை. பிறகு உள்ளூர் வரி எவ்வளவு தரும் என்று பார்ப்பார்கள். மீதியை மாநிலம் நிரப்பும். உதாரணத்துக்குச் சூத்திரம் ஒரு கோடி டாலர் என்கிறது, உள்ளூர் வரி நாற்பது லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநிலம் அறுபது லட்சம் தரும். அடுத்த வருஷம் வீட்டு மதிப்புகள் ஏறி உள்ளூர் வரி ஐம்பது லட்சம் ஆனால், மாநிலம் தருவதும் ஐம்பது லட்சமாகக் குறையும். பள்ளிக்கு அதே ஒரு கோடிதான். நீங்கள் கூடுதலாகக் கட்டியதில் மிச்சம் பிடித்தது ஆஸ்டின், அதாவது மாநில அரசு.

உள்ளூர் வரியே ஒரு கோடியே இருபது லட்சம் வந்துவிட்டால்? கூடுதல் இருபது லட்சம் மாநிலத்துக்குப் போகும். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த கதை நாயகன் பெயரால் இதைத்தான் ஊரார் 'ராபின் ஹுட்' என்கிறார்கள். 1993-இல் வந்தது. பணக்கார ஊரில் இருப்பவர்கள் இதைக் கொள்ளை என்று திட்டுவார்கள். திட்டும் முன் அது வந்த வழியைத் தெரிந்துகொள்வது நல்லது.

சான் அன்டோனியோ நகரத்துக்குள் எட்ஜ்வுட் என்று ஒரு மாவட்டம், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்கள். 1967-68-இல் அங்கே நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி போட்டார்கள். கிடைத்தது ஒரு பிள்ளைக்கு 26 டாலர். அதே நகரத்தின் வசதியான ஆலமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் 85 சென்ட்தான் வரி. கிடைத்ததோ ஒரு பிள்ளைக்கு 333 டாலர். அதிக வரி கட்டியவனுக்குக் குறைந்த பள்ளி. பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கல்வி கூட்டாட்சி அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்று கைவிரித்துவிட்டது. எட்ஜ்வுட் விடவில்லை. மாநில அரசியல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி போனது. 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ராபின் ஹுட் அந்தத் தீர்ப்பின் பிள்ளை.

சரி, சூத்திரத்தின் அடித்தளத் தொகையாவது ஏறியதா? ஒரு மாணவருக்கு 6,160 டாலர் என்று 2019-இல் வைத்தார்கள். ஆறு வருஷம் அசையவில்லை. டீசல் ஏறியது, காப்பீடு ஏறியது, அது ஏறவில்லை. 2025-இல் ஒரு சட்டம் போட்டு 55 டாலர் கூட்டினார்கள். அந்தச் சட்டம் தந்த மற்ற பணத்தில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம் போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்கென்று முத்திரை குத்தி வந்தது. பட்ஜெட்டில் துண்டு விழுவதைப் பார்த்து உள்ளூர்க் குழுவைத் திட்டும் முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம்: "ஸ்டேடியம் கட்டப் பணம் இருக்கிறது, டீச்சருக்குக் கொடுக்க இல்லையா?" பள்ளி வரியில் இரண்டு உண்டியல். ஒன்று நடத்தும் செலவுக்கு, அதாவது சம்பளம், கரண்ட், பஸ். மற்றொன்று கட்டடக் கடனை அடைக்க. பாண்ட், அதாவது கடன் பத்திர ஓட்டெடுப்பில் மக்கள் அனுமதிப்பது இரண்டாவதை. அதிலிருந்து ஒரு டாலரைக்கூட எடுத்துச் சம்பளம் போட முடியாது. (ஸ்டேடியம் தேவையா என்பது வேறு சண்டை. பதினொரு பேர் சேராமல் ஆறு பேரை வைத்து ஃபுட்பால் ஆடும் ஊர்கள் டெக்சாஸில் இருக்கின்றன, அங்கே வெள்ளி இரவு விளக்கு எரியாவிட்டால் ஊரே அணைந்த மாதிரி.) 2019 முதல் பள்ளிப் பாண்ட் வாக்குச்சீட்டு ஒவ்வொன்றிலும் "இது சொத்து வரி உயர்வு" என்று அச்சிட வேண்டும், வரி விகிதம் மாறாவிட்டாலும். அந்த வரியை மட்டும் படித்துவிட்டு ஓட்டுப் போடாதீர்கள்.

இனி நம்மவர்களுக்கென்றே ஒன்று. டெக்சாஸ் பதிவேட்டில் உள்ள பெயர்களை எண்ணிப் பணம் தருவதில்லை, வகுப்பில் இருந்த தலைகளை எண்ணித் தருகிறது. சராசரி தினசரி வருகைதான் கணக்கு. கிறிஸ்துமஸ் விடுமுறையோடு பொங்கலையும் சேர்த்து ஊருக்குப் போய்விட்டு ஜனவரி கடைசியில் திரும்பினால், அந்த நாட்களுக்குப் பள்ளிக்குப் பணம் இல்லை. ஆனால் டீச்சருக்குச் சம்பளம் உண்டு, பஸ்ஸும் ஓடும். பெரிய மாவட்டத்தில் இது தூசு. முந்நூறு பிள்ளைகள் உள்ள இடத்தில் காய்ச்சல் பரவும் வாரத்திலேயே பட்ஜெட் வலிக்கும். தவிர, தொண்ணூறு சதவீத வகுப்பு நாட்களுக்கு வராவிட்டால் பாடத்துக்கான கிரெடிட்டுக்கே ஆபத்து.

தலைக்கு எவ்வளவு செலவு என்ற ஒப்பீடும் இப்படித்தான் ஏமாற்றும். ஐம்பதாயிரம் பிள்ளைகளுக்கும் ஒரு சூப்பரின்டென்டென்ட், நானூறு பிள்ளைகளுக்கும் ஒருவர். சின்ன இடத்தில் தலைக்கு அதிகம் ஆனால் அது ஊதாரித்தனம் என்று உடனே முடிவுகட்டக் கூடாது.

மூன்று பிள்ளைகள், பதினேழு புள்ளிகள்

மூன்றாம் வகுப்பிலிருந்து மாநிலம் நடத்தும் 'ஸ்டார்' தேர்வு. ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் பதினெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் பன்னிரண்டு பேர் தேறினார்கள், 67 சதவீதம். இந்த வருஷம் ஒன்பது பேர், 50 சதவீதம். பதினேழு புள்ளி வீழ்ச்சி! நடந்தது என்ன? மூன்று பிள்ளைகள். ஒருவன் மார்ச்சில்தான் வந்து சேர்ந்திருப்பான், ஒருத்திக்குத் தேர்வன்று காய்ச்சல். மாநிலத்தின் மிகச் சிறந்த பள்ளிகளின் பட்டியலிலும் மிக மோசமானவற்றின் பட்டியலிலும் சின்னப் பள்ளிகள் அதிகம் தென்படுவதற்கு இந்த ஊசலாட்டமும் ஒரு காரணம். ஒரு வருஷ எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று நான்கு வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள். அதே பிள்ளைகள் மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகும்போது என்ன ஆனார்கள் என்று பார்ப்பது இன்னும் நல்லது.

'தேர்ச்சி' என்ற சொல்லையும் கேள்வி கேளுங்கள். 'அப்ரோச்சஸ்', 'மீட்ஸ்', 'மாஸ்டர்ஸ்' என்று மூன்று படிகள். முதல் படியைத் தொட்டாலே தேர்ச்சிதான். ஒரு மாவட்டம் முதல் படியின் சதவீதத்தைப் பேனரில் போடும், பக்கத்து மாவட்டம் இரண்டாம் படியை அறிக்கையில் எழுதும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

மாநிலம் பள்ளிக்குத் தரும் 'ஏ', 'சி' போன்ற எழுத்துத் தரம் இன்னும் சிக்கல். மதிப்பெண் நிலை, வளர்ச்சி ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம், மாணவர் பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைப்பதற்கு 30 சதவீதம். வசதியான ஊரின் 'ஏ' மதிப்பெண்ணால் வந்திருக்கலாம், ஏழை ஊரின் 'ஏ' வளர்ச்சியால். டீச்சர் எங்கே அதிகம் உழைத்தார் என்று தெரிய அந்த உள் எண்களைத் திறந்து பார்க்க வேண்டும். 2023-இல் அளவுகோலையே மாற்றினார்கள். கல்லூரிக்கும் வேலைக்கும் தயாரானவர்களின் பங்கில் 'ஏ' வாங்க 60 சதவீதம் போதும் என்றிருந்தது, 88 ஆனது. மாவட்டங்கள் வழக்குப் போட்டதில் அந்த வருஷத் தரங்கள் 2025-இல்தான் வெளிவந்தன. 'ஏ' 'சி' ஆனதற்குப் பள்ளி சரிந்ததுதான் காரணம் என்று எடுத்தவுடன் சொல்ல முடியாது, கோடு நகர்ந்ததும் காரணமாக இருக்கலாம். 2027-28 முதல் ஸ்டார் தேர்வே போய், வருஷத்துக்கு மூன்று சின்னத் தேர்வுகள் வரப்போகின்றன. அப்போதும் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டு ஒரு ரவுண்டு சண்டை நடக்கும், பாருங்கள்.

"மூடிவிட்டுப் பக்கத்து ஊரோடு சேர்த்தால் என்ன?"

கேட்பது சுலபம். சேர்த்தும் இருக்கிறார்கள். வில்மர்-ஹட்சின்ஸ் டாலஸோடு போனது, 2013-இல் நார்த் ஃபாரஸ்ட் ஹூஸ்டனோடு போனது. தெற்கு டெக்சாஸில் பிரிமான்ட் என்ற சின்ன மாவட்டமும் அந்த விளிம்புக்குப் போயிற்று. பணம் இல்லை, மதிப்பெண் இல்லை, பிள்ளைகளின் வருகையும் குறைவு. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போனது. மாநிலம் மூடச் சொன்னது. 2012-இல் அங்கிருந்த சூப்பரின்டென்டென்ட் எல்லா விளையாட்டுகளையும் நிறுத்தினார், ஃபுட்பால் உட்பட. டெக்சாஸில் அது கோயில் திருவிழாவை நிறுத்துவது போன்ற காரியம். நாடெங்கும் செய்தி ஆனது. மாவட்டம் தப்பித்தது, விளையாட்டும் பிறகு திரும்பி வந்தது.

2019-இல் பிரிமான்ட், ஃபிரீர், புரூக்ஸ் கவுண்டி ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ஒவ்வொன்றுக்கும் முன்பிருந்த தனிக் குழு, தனி வரி, தனிப் பெயர் அப்படியே. தொழிற்படிப்புகளை மட்டும் பங்கு போட்டுக்கொண்டார்கள். தன் ஊரில் இல்லாத படிப்புக்குப் பிள்ளை காலையில் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறாள், மாலையில் தன் பள்ளி அணிக்கு விளையாடத் திரும்பிவிடுகிறாள்.