செட்டிநாட்டு வீட்டைத் திறந்து வைத்தால் மட்டும் காசு வராது

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கடியாபட்டி என்று செட்டிநாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "சும்மா பூட்டித்தானே கிடக்கு, ஹோட்டலா மாத்தினா என்ன?" கேள்வி நியாயமானதுதான். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திச் சேர்த்த பணத்தில், ஏறக்குறைய 1850க்கும் 1940களுக்கும் இடையில் எழுந்த வீடுகள் இவை. 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வருமானம் அறுந்தது. 1962ல் அங்கே ராணுவ ஆட்சி வந்ததும் மிச்சம் மீதியும் போனது. வருமானம் போய்விட்டது, அந்த வருமானத்தை நம்பிக் கட்டிய வீடு மட்டும் நிற்கிறது. ஓடு மாற்றவே வழியில்லாத குடும்பத்துக்குச் சுற்றுலா ஒரு கதவாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் திறந்த வேகத்திலேயே மூடிய வீடுகளும் உண்டு. ஆள் வரவில்லை என்று காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் ஆள் வந்திருப்பார்கள், கணக்குதான் முதல் நாளிலிருந்தே தப்பாக இருந்திருக்கும்.

நுழைவுச் சீட்டை நம்புவது

முதலில் தோன்றுகிற யோசனை, வாசலில் ஒரு மேசை போட்டு ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்குவது. ஒரு பேச்சுக்கு நாளைக்கு 40 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாய். மாதம் 26 நாள் திறந்தால் 52,000. ஒரு வாட்ச்மேன், பெருக்கித் துடைக்க இரண்டு பேர், சுற்றிக் காட்ட ஒருவர். அத்தனை பெரிய வீட்டுக்கு இதற்குக் குறைத்து ஆள் வைக்க முடியாது. சம்பளம் போக மிஞ்சுவது கரண்ட் பில்லுக்குச் சரியாக இருக்கும். மழையில் ஒரு மூலை ஒழுகினால் அந்த வருடம் நஷ்டம்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் லாங்லீட் மாளிகையை அதன் உரிமையாளரான பிரபு 1949ல் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்தார். மாளிகை என்னவோ பிரமாதமானதுதான். ஆனாலும் 1966ல் அதே தோட்டத்தில் சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நாம் ஆத்தங்குடியில் சிங்கம் வளர்க்க வேண்டாம். வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார், அவரை அரை நாள் இருக்க வைக்க வேறு ஏதாவது வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

நம்மிடம் அது ஏற்கெனவே இருக்கிறது: சாப்பாடு. காரைக்குடியில் 1990களின் கடைசியில் விடுதியாகத் திறந்த 'பங்களா'வுக்கு இலைச் சாப்பாட்டுக்காகவே வந்து போகிறவர்கள் உண்டு. வீட்டைக் காட்ட 50 ரூபாய் கேட்டால் பேரம் பேசுகிறவர், அதே வீட்டுப் பந்திக்கட்டில், அதாவது வரிசையாக இலை போடும் கூடத்தில், உட்கார வைத்துப் பரிமாறினால் பத்து மடங்குக்கு மேல் யோசிக்காமல் கொடுப்பார். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வருகிற கூட்டம் வருடம் முழுக்க இருக்கிறது. அவர்களுக்கு மதியம் நல்ல சாப்பாடு தேவை. வெளிநாட்டுப் பயணிகளை மட்டுமே எதிர்பார்த்துப் பலகை எழுதுகிறவர்கள் இந்தக் கூட்டத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

பங்காளிகளிடம் கையெழுத்து வாங்காமல் ஆரம்பிப்பது

இதுதான் பெரிய தவறு. மற்றதெல்லாம் பணத்தால் சரிசெய்யக்கூடியது, இது அப்படி இல்லை.

வளவு என்கிற நடுமுற்றம் வைத்துக் கட்டிய ஒரு வீட்டுக்கு இன்று எத்தனை பேர் உரிமையாளர்கள் என்று கேட்டால் பல குடும்பங்களில் உடனே பதில் வராது. பாட்டையா கட்டியது, அவருக்கு நான்கு மகன்கள், அவர்கள் வழியில் பேரன்கள், அதில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் யாரோடும் பேசுவதில்லை. ஊரிலேயே இருக்கிற ஒருவர் ஆர்வமாக முன்வந்து, தன் கைக்காசைப் போட்டு ஓடு மாற்றி, கழிப்பறை கட்டி, விருந்தினரை வரவழைக்கிறார். அதுவரை யாரும் எதுவும் சொல்வதில்லை. முதல் நல்ல வருடம் வந்ததும்தான் "நம்ம பங்கு எங்கே?" என்ற போன் வருகிறது.

பங்காளிகளின் கூட்டுச் சொத்தில் ஒருவர் செலவழித்ததால் மட்டும் அவருடைய பங்கு கூடிவிடாது. எந்தப் பங்குதாரரும் எப்போது வேண்டுமானாலும் பாகப்பிரிவினை கேட்கலாம். வழக்கு என்று போனால் இருக்கிற நிலை தொடரட்டும் என்று நீதிமன்றம் தடை போடலாம், அப்புறம் ஒரு ஆணி அடிக்கவும் முடியாது. வங்கிக்காரர் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்ததுமே கடன் பேச்சை நிறுத்திவிடுவார்.

செய்ய வேண்டியது வீட்டைத் தொடுவதற்கு முன்பே இருக்கிறது. எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட்டு, வீட்டை நடத்துகிறவருக்கோ குடும்பமே தொடங்கும் எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) அல்லது கம்பெனிக்கோ நீண்ட காலக் குத்தகைக்கு விடுவது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும்; வெள்ளைத்தாள் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்காது. முதலீடு போட்டவருக்கு அது எப்படித் திரும்பும், அதன் பிறகு லாபம் எப்படிப் பிரியும், யாராவது பங்கை விற்க நினைத்தால் முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கசப்பான பேச்சுதான். லாபம் வருவதற்கு முன்னால் பேசினால் கசப்பு குறைவு.

இன்னொன்றையும் அந்தப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும்: வீடு எந்தெந்த நாட்களில் குடும்பத்துக்கு. படைப்பு (முன்னோருக்குச் செய்யும் பூசை), கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயதுச் சடங்கு) என்று புள்ளிகள், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும், ஊருக்கு வந்து கூடுகிற நாட்கள் இருக்கின்றன. அந்தத் தேதிகளை முன்கூட்டியே புக்கிங்கில் அடைத்து வைக்காவிட்டால், வளவில் பூசை நடக்கும்போது முகப்பில் பெட்டியோடு விருந்தினர் நிற்பார். எந்த விளம்பரமும் அந்தச் சங்கடத்தைத் துடைக்காது.

மராமத்தை ஒரு தடவைச் செலவாக எழுதுவது

திட்ட அறிக்கைகளில் 'புதுப்பித்தல்' என்று ஒரு பெரிய தொகை இருக்கும். அதன் கீழே ஒவ்வொரு வருடமும் வருமானம், சம்பளம், லாபம். வருடாந்திர மராமத்து என்ற வரியே இருக்காது, இருந்தாலும் பெயிண்ட் செலவு அளவுக்குத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் இந்த ஒரு வரியை வைத்தே அந்தத் திட்டம் தேறுமா என்று சொல்லிவிடலாம்.

இந்த வீடுகளின் உயிர் கூரையில் இருக்கிறது. நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போட்ட கூரையில் குரங்கு ஓடினாலும் ஓடு நகரும். நகர்ந்த இடத்தில் இறங்கும் தண்ணீர் முதலில் தேக்குச் சட்டத்தைத் தின்னும், பிறகு சுவருக்குள் போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் வருடா வருடம் கூரை முழுக்க ஆள் ஏறிப் பார்த்தாக வேண்டும். இதில் ஒரு சிக்கல் பலருக்குத் தாமதமாகத்தான் புரிகிறது. வெளிநாட்டு விருந்தினர் வருவது நவம்பர் முதல் பிப்ரவரி, மார்ச் வரை. கூரை வேலை நடக்க வேண்டியது மழைக்கு முந்தைய வெயில் மாதங்களில், அதாவது கல்லா காலியாக இருக்கிற நேரத்தில். சீசனில் வந்த பணம் பங்கு பிரிந்து போயிருந்தால் ஆடி மாதம் கொத்தனாருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. "சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளுகிற அந்த ஒரு மழைதான் பத்து வருடச் சேதத்தைச் செய்கிறது. எனவே மொத்த வசூலில், லாபத்தில் அல்ல, வசூலில், பத்தில் ஒரு பங்கையாவது தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இரண்டு பங்குதாரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது சிமென்ட். சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு என்று இழைத்த சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினாலோ பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலோ ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உப்பு பூத்து, பக்கத்தில் இருக்கிற நல்ல பூச்சும் சேர்ந்து உதிரும். சிமென்ட் வேலை அன்றைக்கு மலிவு, நான்கைந்து மழைக்குப் பிறகு அதைக் கொத்தி எடுக்கும் கூலியும் சேரும்போது மலிவில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது கொஞ்சம் பேர்தான். வேலை வரும்போது தேடாமல், அக்கம்பக்கத்தில் நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு குழுவுக்கு வருடம் முழுக்க வேலை கொடுப்பது எல்லோருக்கும் கட்டுப்படியாகும்.

எடுத்த எடுப்பில் இருபது அறை

வளவைச் சுற்றி இருக்கிற அறைகள் விருந்தினர் தங்கக் கட்டியவை அல்ல. கல்யாணமான மகனுக்கு ஒவ்வொன்றாக, சாமான்களை வைத்துப் பூட்டிக்கொள்ளக் கொடுத்தவை. சின்னவை, ஜன்னல் குறைவு, குளியலறை கிடையாது. ஒவ்வொன்றிலும் குளியலறையைத் திணித்தால் செலவு ஏறுவதோடு, நூறு வருடமாகத் தண்ணீரே படாத சுவருக்குள் குழாய் ஓடும். எங்காவது ஒரு இணைப்பு கசிந்தால் வெளியே தெரியவே மாதங்கள் ஆகும். பின்கட்டிலோ தோட்டப் பக்கத்திலோ ஐந்தாறு அறைகளை மட்டும் முதலில் தயார் செய்து, குளியலறைகளை வெளிச்சுவர் ஓரமாக வைப்பதுதான் புத்திசாலித்தனம். மூல வீட்டை மனிதர்கள் பார்க்கவும் சாப்பிடவும் விடலாம்.

ராஜஸ்தானில் நீம்ரானா கோட்டையை 1986ல் இடிபாடாக வாங்கியவர்கள் 1991ல் கொஞ்சம் அறைகளோடுதான் விடுதியைத் தொடங்கினார்கள். கோட்டை பிறகு கட்டம் கட்டமாக வளர்ந்தது. நம் ஆட்கள் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முழு வீட்டுக்கும் கடன் வாங்கி, முதல் விருந்தினர் வருவதற்கு முன்பே வட்டி கட்டத் தொடங்குகிறார்கள். வட்டியைப் பற்றி செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் (ஹோம்ஸ்டே) திட்டம் ஆறு அறை வரைதான். அதற்குள் இருந்தால் குடும்பமே நடத்தலாம், ஆள் செலவு குறைவு. அதைத் தாண்டினால் ஹோட்டல். 1950க்கு முன்பு கட்டிய வீடு என்பதால் பாரம்பரிய ஹோட்டல் வகைப்பாடு கேட்கலாம், ஆனால் அதற்குரிய வசதிகளும் ஆட்களும் வேண்டும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், எனவே 7,800 என்று விலை வைப்பதற்கு முன் ஒரு முறை ஆடிட்டரைக் கேளுங்கள்.

அனுமதி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு மின் இணைப்பில் விடுதி நடத்தக் கூடாது, சமையலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும், தீக் காப்பீடு கட்டாயம் எடுக்க வேண்டும். பழைய வயரிங்கும் தேக்குக் கூரையும் சேர்ந்த வீட்டில் கடைசியாகச் சொன்னதை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

தூணை விற்று ஓடு மாற்றுவது

காரைக்குடி பழம்பொருள் கடைகளில் கதவுகளும் தூண்களும் பீங்கான் ஜாடிகளும் அடுக்கி இருப்பதைப் பார்த்தால், எத்தனை வீடுகள் இந்த வழியில் கரைந்தன என்று தெரியும். மராமத்துக்குப் பணம் திரட்ட வீட்டுச் சாமானை விற்பது, எதைப் பார்க்க ஆள் வருவாரோ அதையே விற்பதாகும். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள் 1972ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மராமத்துக்கு யுனெஸ்கோ பணம் தரும் என்று நம்புவதும் வீண்தான். 2014ல் செட்டிநாட்டு ஊர்கள் ஏறியது உத்தேசப் பட்டியலில்தான், உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் அல்ல. அதனால் எந்தத் தனி வீட்டுக்கும் மானியம் வராது.

சினிமா படப்பிடிப்பும் கல்யாணமும்

இரண்டும் நல்ல காசு. இரண்டும் வீட்டைப் பாழாக்கவும் கூடியவை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மேல் கேமரா தண்டவாளம் வைத்து இழுத்தால் கீறல் விழும், அதே பூவேலையில் அதே நிறம் திரும்பக் கிடைக்காது. முட்டைப் பூச்சுத் தூணில் ஒட்டிய டேப்பை உரித்தால் பூச்சும் வரும். வைப்புத்தொகை வாங்காமல், "தெரிஞ்சவர்தானே" என்று வாய்ப்பேச்சில் விடுவது வேண்டாம். எந்த அறை, எத்தனை மணி வரை, எத்தனை பேர், ஜெனரேட்டர் எங்கே நிற்கும், அடுப்பு எங்கே எரியும் என்று எழுதி, முதல் நாள் அறை அறையாகப் போட்டோ எடுத்து இரு பக்கமும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி.

ஹோட்டல் நிறுவனத்திடம் கொடுப்பதென்றால்

குடும்பத்தில் நடத்த ஆள் இல்லை என்றால் இது கௌரவமான வழி. கானாடுகாத்தான் விசாலம் வீட்டை சிஜிஎச் எர்த் என்ற ஹோட்டல் நிறுவனம் நடத்துகிறது, கடியாபட்டி சிதம்பர விலாஸும் ஹோட்டல் குழுமத்தின் கையில்தான் இயங்குகிறது. இங்கே நடக்கும் தவறு, மாத வாடகை எவ்வளவு என்பதை மட்டும் பேசுவது. கூரையும் சுவரும் யார் செலவு, உள் அலங்காரம் யார் செலவு என்று பிரித்து எழுத வேண்டும். குறைந்தபட்ச வாடகையோடு வசூலில் பங்கும் கேட்கலாம். 2020ல் போல எல்லாம் மூடிக்கிடந்தால் அந்தக் குறைந்தபட்சம்தான் குடும்பத்துக்குக் கை கொடுக்கும். எந்தச் சுவரை இடிக்கவும் எந்த வாசலை அடைக்கவும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். வீட்டோடு கொடுக்கும் ஊஞ்சல், கண்ணாடி, அண்டா வரைக்கும் படத்தோடு பட்டியல் வேண்டும். குத்தகை முடியும் வருடத்தில் அவர்கள் கூரைக்குச் செலவழிக்கத் தயங்குவார்கள், அது வியாபார இயல்பு. அதனால் கடைசி மூன்று வருட மராமத்துத் தொகையை முன்கூட்டியே தனிக் கணக்கில் கட்டச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கேட்டால்தான் கிடைக்கும்.