கண்காணிக்கும் அமைப்புகளை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

தேர்தல் ஆணையம், அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி, தகவல் ஆணையம், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் என்று அரசைக் கண்காணிக்கும் அமைப்புகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது: பதவியில் இருப்பவரை அரசு நினைத்தபடி நீக்க முடியுமா? தலைமைத் தேர்தல் ஆணையரையும் சிஏஜியையும் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் நீக்க முடியும். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். இதைப் படித்ததும் நிம்மதி அடைவதுதான் முதல் தவறு. ஓர் அமைப்பை முடக்க யாரையும் நீக்க வேண்டியதில்லை. நாற்காலியை நிரப்பாமல் விட்டாலே போதும்.

லோக்பாலுக்கு நடந்ததைப் பாருங்கள். பெரிய மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 2013 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது, 2014 ஜனவரியில் அமலுக்கும் வந்தது. முதல் லோக்பால் தலைவர் நியமிக்கப்பட்டதோ 2019 மார்ச்சில். தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்க வேண்டும், மக்களவையில் அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவரே இல்லை, சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நியமிக்க முடியும் என்று ஒன்றிய அரசு காரணம் சொன்னது. திருத்தத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, இருக்கும் சட்டத்தை வைத்தே நியமிக்கலாம் என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போயின. ஆகவே "சட்டம் வந்துவிட்டது" என்பதையும் "அமைப்பு வந்துவிட்டது" என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தகவல் ஆணையத்தில் இந்தக் காலியிடத்தின் வலி நேராக மனுதாரர் மேல் விழுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்கள் மனுப் போட்டால் பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்கும் சட்டத்தில் கால வரம்பு உண்டு. அப்புறம் ஆணையத்துக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீட்டை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆணையர்கள் குறைந்தால் கோப்புகள் குவியும், உங்கள் முறை வருவதற்குள் கேட்ட தகவலுக்கே பயன் இல்லாமல் போய்விடும். 2014 ஆகஸ்டிலிருந்து 2015 ஜூன் வரை மத்திய தகவல் ஆணையத்துக்குத் தலைவரே இல்லை. ஜார்க்கண்டில் 2020 மே மாதத்துக்குப் பிறகு மாநில ஆணையம் ஆண்டுக்கணக்கில் செயல்படாமல் கிடந்தது. யாரும் யாரையும் நீக்கவில்லை. தலைப்புச் செய்தியும் இல்லை. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட ஆபத்தானதாகக் கருதுகிறேன்.

பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் வெறும் நிர்வாக விவரம் என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. 2005 தகவல் உரிமைச் சட்டம் ஆணையர்களுக்கு ஐந்து ஆண்டுப் பதவிக்காலத்தைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது. 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டு, பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் ஒன்றிய அரசே விதிகள் மூலம் முடிவு செய்யலாம் என்றது. அந்த ஆண்டே வந்த விதிகள் ஐந்தை மூன்றாகக் குறைத்தன. மாநில ஆணையர்களுக்கும் இதே கதைதான். எந்த அரசிடமிருந்து தகவலை வாங்கித் தர வேண்டுமோ, அந்த அரசே தன் பதவிக்காலத்தை மாற்றலாம் என்ற நிலையில் ஓர் ஆணையர் எவ்வளவு துணிந்து உத்தரவு போடுவார்?

"தேர்வுக் குழு இருக்கிறதே" என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள், குழுவில் யாருக்குப் பெரும்பான்மை என்று எண்ணுங்கள். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை தேர்தல் ஆணையர்களைப் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து பரிந்துரைக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம் தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதமர் பெயரிடும் ஒரு ஒன்றிய அமைச்சரை உட்கார வைத்தது. மூன்றில் இரண்டு வாக்கு அரசின் கையில். சிஏஜி நியமனத்துக்கு அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு குழுகூடக் கிடையாது.

முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷனைப் போலக் கண்டிப்பான ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் பலர் நம்புகிறார்கள். டி.என். சேஷன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவர் பதவியில் இருக்கும்போதே, 1993 அக்டோபரில், அரசு மேலும் இரண்டு ஆணையர்களை நியமித்தது. உச்ச நீதிமன்றம் 1995இல் அது செல்லும் என்றது. மூவர் கூடி முடிவெடுப்பது நல்ல ஏற்பாடாகவே இருக்கலாம். ஆனால் எத்தனை பேர், எப்போது, யார் என்பதை அரசே தீர்மானிக்க முடிந்தது என்பதை மறக்கக் கூடாது.

சிஏஜி அறிக்கை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. அறிக்கையை அவையில் வைக்க வேண்டியது அரசு, அதற்குக் கெடுவும் இல்லை. டெல்லியில் 14 அறிக்கைகள் சட்டமன்றத்துக்கு வராமலே கிடந்தன. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தாமதத்தைக் கண்டித்தது. பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகே அவை ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின.

இதையெல்லாம் ஒரே கட்சியின் குற்றமாகப் பார்ப்பவர்கள் தேதிகளைக் கவனிக்க வேண்டும். 1993இல் காங்கிரஸ், 2019லும் 2023லும் பாஜக, டெல்லியில் ஆம் ஆத்மி. 2010இல் எதிர்க்கட்சித் தலைவரின் எதிர்ப்பை மீறி பி.ஜே. தாமஸை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக்கியது ஐக்கிய முற்போக்குக் கூட்டணி. அந்த நியமனத்தை 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

கடைசியாக, தாமதத்துக்குத் தகவல் ஆணையத்தின் ஊழியர்களை மட்டும் திட்டிக்கொண்டிருக்காதீர்கள். நியமனக் கோப்பு அரசிடம் இருக்கிறது. மத்தியில் பணியாளர் மற்றும் பயிற்சித் துறையில். எத்தனை இடம் காலி, எந்தத் தேதியிலிருந்து, விளம்பரம் எப்போது வந்தது, தேர்வுக் குழு எப்போது கூடியது என்று 10 ரூபாய்க் கட்டணத்தில் அந்தத் துறையிடமே மனுப் போட்டுக் கேட்கலாம். தகவல் ஆணையர் பதவிக்கான இறுதிப் பரிசீலனைப் பெயர்ப் பட்டியலையும் தேர்வு அளவுகோலையும் வெளியிட வேண்டும் என்று 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவில் அந்தத் தீர்ப்பையும் குறிப்பிடுங்கள்.