டிசபிலிட்டி பென்ஷன்: மருத்துவ ஆதாரங்களைத் திரட்டும் முறை

படைப்பணியால் வந்த அல்லது கூடிய நோய்க்கும் காயத்துக்கும் தரப்படுவது டிசபிலிட்டி பென்ஷன். முன்னாள் படைவீரரின் இந்த மனு நிராகரிக்கப்படும்போது, நோய் இருக்கிறதா இல்லையா என்பதில் பெரும்பாலும் தகராறே இருக்காது. பணியிலிருந்து வெளிவரும்போது பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டே நோயின் பெயரையும் உடல்குறைபாட்டின் சதவீதத்தையும் எழுதியிருக்கும். சிக்கல் அதற்கடுத்த வரியில்: 'படைப்பணியால் வந்ததும் அல்ல, அதனால் கூடியதும் அல்ல.' திரட்டும் ஒவ்வொரு தாளும் இந்த வரிக்குப் பதில் சொல்ல வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் புது ஸ்கேன் எடுத்துச் சேர்ப்பது இதற்கு உதவாது; யாரும் மறுக்காத ஒன்றைத்தான் அது மறுபடி நிரூபிக்கும்.

முதலில் வேண்டியது ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் முழு நகல், அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16. கடைசிப் பக்கம் மட்டும் போதாது. நோய் முதலில் தெரிந்த தேதி, இடம், போர்டு சொன்ன காரணம், நீங்கள் கையெழுத்திட்ட வாக்குமூலம் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. 'சேர்வதற்கு முன்பே இந்த நோய் இருந்ததா' என்ற கேள்விக்கு, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. அந்தப் பதிலைக் கவனமாகப் பாருங்கள்.

அடுத்தது ஆள்சேர்ப்பின்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள். அதில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அதுவே வலுவான ஆதாரம். அப்படிப்பட்டவருக்குப் பின்னால் வந்த நோயைப் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாது என்றால் போர்டு அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 21.9.2023 முதல் புதிய தகுதி விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பின் வெளிவந்தவர்கள் இந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி மனு எழுதக் கூடாது.

மூன்றாவதாக, மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதி வகை, மாறிய ஒவ்வொரு முறையும் போர்டு எழுதிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-15 படிவம். இவற்றோடு போஸ்டிங் பட்டியலைத் தேதிவாரியாகப் பொருத்துங்கள். ரத்த அழுத்தம் 'பீஸ் ஸ்டேஷனில்', அதாவது போர்ச்சூழல் இல்லாத இடத்தில், தெரிந்தது என்று நிராகரிப்பது வழக்கம். அதற்குச் சற்று முன்வரை பனிமலையிலோ, ஃபீல்டிலோ, தீவிரவாத எதிர்ப்புப் பணியிலோ இருந்திருந்தால் அதைக் காட்ட வேண்டும். மாரடைப்பு என்றால் அதற்கு முந்தைய 14 நாட்களின் பணி விவரம் முக்கியம். அதை யூனிட்டிடமிருந்து எழுத்தில் கேளுங்கள்.

காயம் என்றால் ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 எனும் காய அறிக்கையும், நடந்திருந்தால் கோர்ட் ஆஃப் என்கொயரி எனும் படை விசாரணையின் தாள்களும் வேண்டும். அறிக்கையே போடப்படவில்லையா? ராணுவ ஆஸ்பத்திரியின் அட்மிஷன், டிஸ்சார்ஜ் பதிவும், உடனிருந்தவர்களின் உறுதிமொழிப் பத்திரமும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

இவற்றை உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில் கேட்க வேண்டும். படை எண், பதவி, வெளிவந்த தேதியோடு, வேண்டிய தாளின் பெயரைத் தனித்தனியாக எழுதுங்கள். 'என் மருத்துவ ஆவணங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் ஒரே பக்கம் வரலாம். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அவர்கள் பதில் தருவதற்கான கெடு 30 நாள். பழைய கோப்புகள் பாதுகாக்க வேண்டிய காலம் முடிந்ததும் அழிக்கப்படும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். கடிதம் எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம் உதவும்.

வெளி டாக்டரிடம் கடிதம் வாங்குவதானால், மேற்சொன்ன தாள்களை அவரிடம் கொடுத்த பிறகே வாங்குங்கள். எந்தப் பணிச்சூழல் எந்த வகையில் நோயை உண்டாக்கியது அல்லது கூட்டியது என்று அவர் காரணத்தோடு எழுத வேண்டும். 'இவருக்கு முதுகுவலி உள்ளது' என்ற சான்றிதழுக்கு மதிப்பில்லை. போர்டு போட்ட சதவீதத்தையும் வெளி டாக்டரின் சொல் எளிதில் அசைக்காது.

சதவீதத்தில் ஒரு கணக்கு. பென்ஷன் கிடைக்கப் பொதுவாகக் குறைந்தது 20 சதவீதம் வேண்டும். பழைய விதிகளில் 50-க்குக் கீழ் இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்துவார்கள். முழுக்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவருக்கும் இந்த உயர்வு உண்டு என்று 2014-இல் ராம் அவ்தார் வழக்கில் தீர்ப்பானது. இரண்டு நோய்களின் சதவீதத்தை நீங்களாகக் கூட்டிப் பார்க்காதீர்கள். போர்டின் கூட்டு மதிப்பீடு அதைவிடக் குறைவாக வரலாம்.

நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியைக் கவரோடு பாதுகாத்து வையுங்கள். முதல் மேல்முறையீட்டுக்கான 6 மாதம் அதிலிருந்துதான் ஓடும். மேல்முறையீடுகளும் தோற்றால் படைவீரர்களின் பணி, பென்ஷன் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்குப் போகலாம். எங்கே கொடுத்தாலும் நகலைக் கொடுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.