பேக்டெஸ்ட்ல வந்த பொய் லாபத்தை நான் பிடிச்ச கதை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வீட்டில இருந்து கொழும்புப் பங்குச்சந்தை டேட்டாவில 20 நாள் சராசரி விலை 50 நாள் சராசரிய வெட்டேக்க வாங்கி விக்கிற ஸ்ட்ராட்டஜிய பேக்டெஸ்ட் பண்ணுறனான், அதாவது பழைய விலையில ஓட்டி லாபம் வந்திருக்குமோ எண்டு சோதிக்கிறது, முந்தி ஒவ்வொரு பங்கா கையால ஓட்டி இரவிரவா முழிச்சிருப்பன், பிறகு எம்சிபி சர்வர் (ஏஐக்கு வெளி டூல்கள இணைச்சுக் குடுக்கிற புரோகிராம்) ஒண்டு எழுதி பேக்டெஸ்ட்ட ஒரு டூலா, தானே வேலைகளச் செய்யிற ஏஐ ஏஜென்ட்டிட்ட குடுத்திட்டன். வேலை சுகம்தான், ஆனா வந்த லாபம் நம்பேலாத அளவு.

தோண்டிப் பாத்தா, அண்டைய குளோசிங் விலையில வாங்கு, வில் எண்ட சிக்னல் எடுத்து அதே விலைக்கு வாங்கினதாக் கணக்குப் போட்டிருக்கு. சந்தை 2.30க்கு மூடினாப்பிறகு அந்த விலைக்கு எப்பிடி வாங்கிறது? பாண்டாஸ் எண்ட பைதான் லைப்ரரில ஷிஃப்ட் போட்டு சிக்னல ஒரு நாள் தள்ளி, அடுத்த நாள் ஓப்பனிங் விலைக்கு மாத்தினன்.

கட்டணமும் விடுபட்டுக் கிடந்தது. 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட வியாபாரத்துக்கு வாங்க 1.12%, விக்க 1.12%, அடிக்கடி மாறுற ஸ்ட்ராட்டஜிய இதுவே தின்றுபோடும்.

பெரிய ஆபத்து வேற. ஏஜென்ட் களைக்காம நூறுதரம் சராசரியின்ர நாள் கணக்க மாத்தி மாத்தி ஓட்டும், அப்ப பழைய டேட்டாக்கு மட்டும் தற்செயலாப் பொருந்துறது ஏதாவது கட்டாயம் அம்பிடும், அதால கடைசி 2 வருச டேட்டாவ ஏஜென்ட் தொடேலாதபடி சர்வர் பக்கத்திலயே பூட்டிப்போட்டன், முடிவான ஸ்ட்ராட்டஜிய மட்டும் அதில ஒரேயொருக்கா நானே ஓட்டிப் பாக்கிறன்.